‘ஜெனோசைட்’ என்ற சொல் பிறந்த கதை: யார் இந்த ரஃபேல் லெம்கின்?

‘ஜெனோசைட்’, அதாவது இனப்படுகொலை என்றதும் பலருக்கு ஹிட்லரும் நாஜி வதை முகாம்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்தச் சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கினை முதலில் உலுக்கியது, 1915-ல் ஒட்டோமான் பேரரசில் தொடங்கிய ஆர்மீனியர் படுகொலை.

லெம்கின் 1900-ல், இன்றைய பெலாரஸில் ஒரு யூத விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் படுகொலைக்குக் காரணமான முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவை 1921-ல் பெர்லினில் ஓர் ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். சட்ட மாணவரான லெம்கின், தலாத்தை ஏன் யாரும் முன்பே கைது செய்யவில்லை என்று பேராசிரியரிடம் கேட்டார். அதற்குச் சட்டமே இல்லை என்றார் அவர். கோழி வளர்க்கிறவர் தன் கோழிகளை அறுத்தால் வெளியாள் கேட்க முடியாதாம், அரசும் அப்படித்தானாம்! இந்தப் பதில் லெம்கினைக் கடைசிவரை விடவில்லை.

இப்படிப்பட்ட அழிவுகளைச் சர்வதேசக் குற்றமாக்க 1933-ல் மாட்ரிட் மாநாட்டுக்கு யோசனை அனுப்பினார். எடுபடவில்லை. 1939-ல் போலந்திலிருந்து தப்பி ஸ்வீடன் போனவர், அங்கே உட்கார்ந்து நாஜி அரசாணைகளைச் சேகரித்தார். சொத்துப் பறிப்பு, இடப்பெயர்ப்பு என எல்லாமே வறண்ட அலுவலக மொழியில். ஆர்மீனியர் கதை தெரிந்தவருக்கு அடுத்து என்ன வரும் என்று புரியாமலா இருந்திருக்கும்?

கிரேக்கம், லத்தீன் வேர்களை ஒட்டவைத்து அவர் உருவாக்கிய சொல், 1944-ல் அமெரிக்காவில் வெளியான அவரது நூலில் அச்சானது. அதற்குள் அவர் குடும்பத்தில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. பெற்றோர் உட்பட 49 உறவினர்களை அவர் இழந்திருந்தார். நியூரம்பெர்க் குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் இருந்தது, தீர்ப்பில் இல்லை. சோர்ந்துபோகாமல் ஐ.நா. பிரதிநிதிகளைத் துரத்தித் துரத்திப் பேசினார். 1948 டிசம்பர் 9-ல் இனப்படுகொலை தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது.

இவ்வளவு இழந்தும், அந்தச் சொல்லை யூதர்களுக்கு மட்டும் உரியதாக அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். ஆர்மீனியர்களைப் பற்றித் தொடர்ந்து பேசினார். 1953-ல் நியூயார்க்கில், உக்ரைன் பஞ்சத்தையும் அதே பெயரில் அழைத்தார். உலகமோ வேறு வழியில் போனது. நாஜிகள் செய்தது அளவுகோலாகிவிட, அதற்கு முன்பே நடந்த ஆர்மீனியர் படுகொலையை அதோடு ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டிய விசித்திர நிலை வந்தது.

1959-ல் நியூயார்க்கில் லெம்கின் மாரடைப்பால் இறந்தார். கையில் காசில்லை, இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உடன்படிக்கையை அமெரிக்கா உறுதிசெய்யவே 1988 ஆனது. ஆர்மீனியர்களுக்கு நடந்ததை அந்தச் சொல்லால் குறிக்க துருக்கி அரசு இன்றும் மறுக்கிறது.