ஹான்ஸ் பெர்கர்

மனித மூளையில் எழும் மின்னலைகளை முதன்முதல் கோடுகளாக வரைந்து காட்டியவர் ஹான்ஸ் பெர்கர் ஆவர். அவரது சரித்திரத்தில் வியக்கத்தக்கதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. இரண்டையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1873-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஜெர்மனி தேசத்தில் கோபுர்க் நகரை அடுத்த நாய்சஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வைத்தியர். தாயைப் பெற்ற பாட்டனாரோ, நம் நாட்டு நளன் கதையை ஜெர்மன் மொழியில் பாடிய ரூக்கெர்ட் என்னும் கவிஞர்.

வானநூல் கற்கப் புகுந்த பெர்கர், இடையே இராணுவப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே குதிரையினின்றும் வீழ்ந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் அகப்படாமல் அருந்தப்பாகத் தப்பினார். அன்று மாலையே நலம் வினவித் தந்தையாரிடமிருந்து தந்தி வந்தது. இவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று சகோதரியார் கலங்கியதே அதற்குக் காரணம். தம் எண்ணம் தொலைவிலுள்ளார்க்கு எட்டியதோ என்று ஐயுற்றவர், வானநூலை விடுத்து மருத்துவம் பயின்றார். எண்ணத்திற்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை அளந்தறிவதே அவர் நோக்கமாயிற்று.

1897-இல் யேனா நகரத்து மனநோய் மருத்துவமனையிற் சேர்ந்தார். 1919-இல் அதன் தலைவரானார். 1924-இல் மூளையின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். எனினும், பிழையுண்டோ என்று மீண்டும் மீண்டும் சோதித்து, 1929-இலேயே வெளியிட்டார். கண்மூடி ஓய்ந்திருப்பவனிடம் வினாடிக்குப் பத்தளவில் எழும் அலை, அவன் கண்திறந்தாலும் ஒன்றில் கருத்தூன்றினாலும் அடங்குவதைக் கண்டார். அறிஞர் பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்போர் சோதித்து உண்மையென நிறுவிய பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது.

இனி வருந்தத்தக்கதைக் கூறுவோம். 1933-இல் நாஜி அரசு, மனச்சிதைவு முதலிய நோயுற்றோரைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் செய்தது. அதன் மேல்முறையீட்டு மன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக அமர்ந்து அத்தகைய தீர்ப்புகளுக்கு உடன்பட்டார். நோயாளர் மூளையை அத்துணைப் பொறுமையுடன் ஆராய்ந்தவர், அவர்தம் உரிமையைக் காக்கத் தவறினார். 1938-இல் ஓய்வு பெற்ற இவர், மனச்சோர்வுக்கு ஆளாகி, 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் வகுத்த முறையோ, அந்நோயாளர்க்கே இன்று துணையாகிறது. ஒரே வகை ஒலிகளுக்கிடையே அரிதாக வேறோர் ஒலி எழுமாயின், கருத்துடன் கேட்பவர் மூளையில் ஏறத்தாழ 300 மில்லி வினாடியில் ஓர் அலை எழும். மனச்சிதைவுற்றோரிடம் அவ்வலை பொதுவாகச் சிறுத்துக் காணப்படுகிறது. காந்தப் படப்பிடிப்போ, இல்லாத குரல் கேட்கும் வேளையிலும் செவிப்புலனுக்குரிய மூளைப்பகுதி இயங்குவதைக் காட்டியுள்ளது. ஆகவே அக்குரல் நோயாளர் புனைந்துரைப்பதன்று.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையொன்றை எண்ணிப் பார்ப்போம். அத்தனை இயந்திர இரைச்சலிலும் மேற்பார்வையாளர் அழைப்பது தொழிலாளியின் செவிக்கு எட்டுகிறது. வேண்டிய ஒலியைப் பிரித்தெடுக்கும் இவ்வாற்றல் குன்றியவனைச் சோம்பேறி என்றும், பேய் பிடித்தவன் என்றும் பழிப்பது தகுமோ? திருவள்ளூர் வட்டாரத்தார்க்கு அணித்தாகச் சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், 1984-இல் தோன்றிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் உள. காலந்தாழ்த்தாது அங்குச் சேர்ப்பிப்பதே உற்றார் கடமை. பெர்கரிடம் நாம் கற்பன இரண்டு: அளந்தறியும் பொறுமை ஒன்று, அறிவு மட்டும் அறமாகாது என்பது மற்றொன்று.