துறைமுகத்துக்குப் பேரேடு எழுதிய முன்ஷி

சிங்கப்பூரின் சரித்திரம் என்றதும் ராபிள்ஸ் துரையின் பெயர்தான் எவர் நாவிலும் முதலில் வருகிறது. துரை வந்தார், கொடி ஏறியது, கப்பல்கள் கூடின, வர்த்தகம் பெருகியது என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டணம் எப்படி எழுந்தது, சாமானிய மக்கள் அதில் என்ன பாடுபட்டார்கள், எதனால் சரக்கும் பணமும் அங்கே வந்து குவிந்தன என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்து எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிம் எழுத்தர் என்பதை நம் வர்த்தகப் பெருமக்களில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் மர்ஹூம் முன்ஷி அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர். அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அப்துல்லாஹ் 1796ஆம் ஆண்டு மலாக்காவில், கம்போங் பாலி என்ற பகுதியில் பிறந்தார். அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். மார்க்கக் கல்வி போதிக்கும் ஆசிரியர். அவர் நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்துத் தங்கினார். அவர் மக்களில் ஒருவரான முகம்மது இப்ராஹிம் கடல் கடந்து மலாக்கா வந்தார். ஷெய்கு மீரா லெப்பை என்பாரின் மகளான பேரி ஆச்சியை மணந்தார். இந்த அம்மையார் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் ஓதிய பள்ளியை நடத்தியவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி இவ்வளவு பெரிய பள்ளியை நடத்தினார் என்றால் அது எத்தகைய குடும்பம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அப்துல்லாஹ்வின் தாயார் கெடாவைச் சேர்ந்தவர். தகப்பனார் அப்துல் காதிர் வியாபாரமும் எழுத்து வேலையும் பார்த்தவர். அரபு இரத்தமும் நாகூர் உறவும் மலாய் நாவும் ஒரே வீட்டில் கலந்திருந்தன.

தகப்பனார் மிகவும் கண்டிப்பானவர். மகன் எழுதிய கடிதத்தில் ஒரு பிழை கண்டாலும் விடமாட்டார். குர்ஆன் ஓதவும் மலாய் எழுதவும் கற்பித்த பின், மகனைத் தமிழ் படிக்க அனுப்பினார். அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் மலாக்காவில் தமிழ் வர்த்தகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கு வழக்குகள் தமிழில் நடந்தன. வசதியுள்ள வீட்டார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது ஊர் வழக்கமாகவே இருந்தது. நம் மொழி ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையில் கல்லாவின் மொழியாக விளங்கியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அப்துல்லாஹ் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தார். பிறகு கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுடன் பழகி இந்துஸ்தானியும் கற்றார். சிறுவனாக இருக்கும்போதே குர்ஆன் பிரதிகள் எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தார். சிப்பாய்கள்தாம் அவரை முதன்முதலில் முன்ஷி என்று அழைத்தவர்கள். மொழி ஆசிரியர் என்பது அதன் பொருள். அந்தப் பெயர் கடைசி வரை நிலைத்துவிட்டது.

ஜாவாவின் மீது படையெடுக்கும் ஏற்பாட்டுக்காக ராபிள்ஸ் துரை மலாக்காவில் தங்கியிருந்தபோது, 1811ஆம் ஆண்டை ஒட்டி, இளைஞர் அப்துல்லாஹ் அவரிடம் எழுத்தராக அமர்ந்தார். மலாய் மன்னர்களுக்குப் போகும் கடிதங்களை எழுதுவதும், பழைய ஏடுகளைப் பிரதி எடுப்பதும் அவர் வேலை. அப்படிச் சேர்த்த ஏடுகள் பெருந்தொகை. 1824ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராபிள்ஸ் தாயகம் திரும்புகையில் கப்பல் தீப்பிடித்து அவையெல்லாம் கடலோடு போயின. பல ஏடுகளுக்கு மறுபிரதி இல்லை. அப்துல்லாஹ் அதை நினைத்து நெடுநாள் மனம் வருந்தினார். எழுதியதும் அழியக்கூடும், எழுதாததோ அழிந்தே தீரும் என்பதை அவர் அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

மலாக்காவுக்கு வந்த கிறிஸ்தவப் பாதிரிமாருக்கும் அவர் மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத் தொழிலும் கற்றார். இதனால் ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லாஹ் என்று ஏளனம் செய்தார்கள். தகப்பனாரும் முதலில் கோபப்பட்டார். ஆனால் அவர் தம் தீனை விட்டு அணுவளவும் அகலவில்லை. பிறருடைய கல்வியைப் பெறுவதற்காக நம் ஈமானைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி சிங்கப்பூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்பின் அப்துல்லாஹ்வும் அங்கே வந்தார். அந்நாளில் அங்கிருந்த மக்கள் சுமார் ஆயிரம் பேர்தான். காடும் சதுப்பும் சூழ்ந்த இடம். மலாக்காவிலிருந்து அரிசியும் கோழியும் ஏற்றிக்கொண்டு வருவோரை டச்சுக்காரரின் காவல்படகுகள் மறித்தன. ஆயினும் இலாபத்தை நாடி மக்கள் இரவோடிரவாக வந்து சேர்ந்தார்கள். உணவுப் பண்டங்களின் விலை தலைக்கு மேல் ஏறியிருந்தது. எலித் தொல்லையோ சொல்லி முடியாது. அதிகாரியாக இருந்த பர்குவார் துரை ஓர் எலிக்கு ஒரு சிறு நாணயம் தருவதாக அறிவிக்க, மக்கள் ஆயிரக்கணக்கில் எலிகளைக் கொன்று கொண்டுவந்து காசு வாங்கிப் போனார்கள். இத்தகைய செய்திகளைத் துரைமார் எழுதிய பெரிய நூல்களைவிட அப்துல்லாஹ்வின் எழுத்தில்தான் உயிரோடு காண்கிறோம்.

ஆற்றின் ஒரு கரை முழுதும் சேறாக இருந்தது. அருகிலிருந்த குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிச் சேற்றை மேடாக்கினார்கள். சீனரும் மலாய்க்காரரும் இந்தியருமாக நூற்றுக்கணக்கான கூலியாட்கள் அதில் உழைத்ததை அவர் கண்டு எழுதியிருக்கிறார். குன்று இருந்த இடம் இப்போது ராபிள்ஸ் சதுக்கம்; மேடாக்கிய இடம் படகுத்துறை. உலகப் புகழ்பெற்ற வங்கிகள் நிற்கும் நிலத்தின் அடியில் பெயர் தெரியாத அந்தக் கூலிகளின் வேர்வை கிடக்கிறது.

சிங்கப்பூர் தீர்வையில்லாத் துறைமுகமாக விளங்கியது. வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கம் இல்லை. எந்த நாட்டுக் கப்பலுக்கும் தடை இல்லை. 1824ஆம் ஆண்டு ஜனவரியில் எடுத்த கணக்கில் மக்கள் தொகை 10,683 ஆகிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் பத்து மடங்கு! 1822ஆம் ஆண்டு வகுத்த நகரத் திட்டத்தில் ஆற்றங்கரையில் நம்மவருக்கென்று சூலியா கம்போங் ஒதுக்கப்பட்டது. 1826ஆம் ஆண்டு சூலியா ஜாமிஆ பள்ளிவாசல் நிறுவப்பட்டது. 1828 முதல் 1830 வரை தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. முன்ஷியின் பூட்டனார் தங்கிய ஊரின் பெயர் அவர் கண்ணெதிரிலேயே சிங்கப்பூரில் கட்டடமாயிற்று.

அவர் நல்லதை மட்டும் எழுதவில்லை. படகுகளில் அடிமைகளை ஏற்றி வந்து பெண்களையும் சிறுவர்களையும் சந்தைப் பண்டமாக விற்ற கொடுமையையும் எழுதினார். 1830ஆம் ஆண்டு கடைத்தெருக்களை எரித்த பெருந்தீயைப் பற்றியும், 1847ஆம் ஆண்டு கம்போங் கிளாம் எரிந்ததைப் பற்றியும் மலாய்ப் பாட்டாகவே இயற்றி வைத்தார்.

வர்த்தகர்களாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அவருடைய 1838ஆம் ஆண்டுக் கிளந்தான் பயணம். அங்கே அரச குடும்பத்தார் தமக்குள் போரிட்டுக்கொண்டிருந்ததால் சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்கு சிக்கிக்கொண்டது. அதை மீட்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து சென்ற கடிதங்களுடன் அப்துல்லாஹ்வும் கடலில் புறப்பட்டார். வழியில் பகாங்கையும் திரெங்கானுவையும் பார்த்தார். மண் வளமாக இருந்தும் மக்கள் ஏழைகளாக இருப்பது ஏன் என்று யோசித்தார். பாடுபட்டுச் சேர்த்ததை நாளை அதிகாரமுள்ளவன் பறித்துக்கொள்வான் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் எவனும் தன் தேவைக்கு மேல் உழைக்கமாட்டான் என்பது அவர் கண்ட முடிவு. சிங்கப்பூரில் சட்டம் எழுத்தில் இருந்தது. கடன் பத்திரம் செல்லுபடியாயிற்று. சேர்த்த பொருள் சேர்த்தவனிடமே தங்கியது. துறைமுகம் செழித்ததற்கு இடவசதியும் தீர்வையின்மையும் மட்டும் காரணம் அல்ல, இந்த நம்பிக்கையே பெரிய முதல் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அவரிடம் குறையும் உண்டு. ஆங்கிலேயரை அளவு கடந்து மெச்சினார் என்று பின்வந்த அறிஞர்கள் குற்றம் சொல்வது நியாயமே. சுங்கம் வாங்காத கும்பெனியார் அபின், சாராயக் குத்தகைகளால் பட்டணத்தை நடத்தினார்கள். அந்த வருமானம் ஏழைக் கூலியின் மடியிலிருந்து வந்தது என்பதை அவர் எடைபோட்டுப் பார்க்கவில்லை. மலாய் மன்னர்கள் தம் தீவை இழந்த கதையின் மறுபக்கத்தையும் வேறு இடங்களில்தான் நாம் தேட வேண்டும்.

1835ஆம் ஆண்டு ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். சிறுவயதில் கணக்குக்காகக் கற்ற தமிழ் இலக்கியத்துக்கும் உதவிற்று. மனைவியாரை இழந்த துக்கத்துக்குப் பின் பிள்ளைகளுடன் சிங்கப்பூரிலேயே தங்கினார். தம் வரலாறான ஹிகாயத் அப்துல்லாஹ்வை 1843ஆம் ஆண்டு எழுதி முடித்தார். 1849ஆம் ஆண்டு அது கல்லச்சில் வெளிவந்தது. மன்னர்களின் பெருமை பாடிவந்த மலாய் மொழியில் ஒரு சாதாரண மனிதர் தாம் கண்டதைத் தம் பெயரிலேயே சொன்னது அதுவரை காணாத புதுமை. அவர் புதல்வர் முகம்மது இப்ராஹிம் பிற்காலத்தில் ஜோகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார்.

1854ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்காகக் கப்பல் ஏறினார். கப்பலிலும் பேனாவை வைக்கவில்லை. வழியில் கண்டதை எழுதிக்கொண்டே சென்றார். ஆனால் ஹிஜாஸ் மண்ணிலேயே இறைவனின் அழைப்பு வந்துவிட்டது. அந்தப் பயணக் குறிப்பு பாதியில் நிற்கிறது. அன்று ஏளனம் செய்தவர்களுக்கு இதுவே பதிலாயிற்று. சிங்கப்பூர் தன் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்த 2019ஆம் ஆண்டில், ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் முன்ஷியின் சிலையையும் வைத்தார்கள். எசமானுக்குக் கடிதம் எழுதிய எழுத்தர் அவருக்குச் சமமாக நிற்க நூற்றுத்தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சகோதரர்களே! முன்ஷி வாழ்ந்த அதே நாட்களில் நம் முன்னோரும் அதே கரையில் கடை வைத்திருந்தார்கள். படகோட்டினார்கள், பணம் மாற்றினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், முதல் சரக்கை யாரிடம் கடனாக வாங்கினார்கள், எந்த நட்டத்தில் விழுந்து எப்படி எழுந்தார்கள் என்பதை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? பாக்கிக்காரன் பெயரை மறவாமல் எழுதும் நாம், வாப்பாவின் பெயரையும் பாட்டனாரின் பாட்டையும் எழுத மறந்தோம். பழைய பேரேடுகளைக் கரையானுக்கு விட்டோம். வீட்டில் உள்ள முதியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு, தேதியோடும் தெருப் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். பதியாத வரவு நாளடைவில் நம்முடையது அல்லாமல் போய்விடும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் முன்ஷி அப்துல்லாஹ்வின் பிழைகளைப் பொறுத்து, அன்னாரின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.