வெயிலை வேலைக்கு அழைத்தவர்

காடாம்புலியூரின் முந்திரித் தோப்புகளைக் கடந்து நெய்வேலிக்குச் செல்லும்போதெல்லாம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளின் மீது என் பார்வை நிற்கும். 1962 தொட்டுப் பழுப்பு நிலக்கரி அங்கே மின்சாரமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துகொண்டிருக்கிறது. கீழே சாலையைக் கொதிக்க வைக்கிறது வெயில். அந்தப் புகையையும் வெயிலையும் சேர்த்துக் காணும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் வேதியியலாளர் நீல ரத்தன் தர்.

இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசூரில் 1892-இல் பிறந்தவர். கொல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயிடம் பயின்று, லண்டனிலும் பாரீஸிலும் முனைவர் பட்டங்கள் பெற்று, 1919-இல் அலகாபாத் வந்து சேர்ந்தார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் புறஊதா விளக்குகளை நாடிய காலத்தில் இவர் அலகாபாத் வெயிலை நம்பினார். கரியமில வாயு கரைந்த நீரில் ஒளியை ஈர்க்கும் பொருள்களைச் சேர்த்து வெயிலில் வைத்தார்; ஃபார்மால்டிஹைடு உண்டானதாகச் சன்யாலுடன் இணைந்து 1925-இல் எழுதினார். இலை செய்யும் வேலையைக் குடுவையும் செய்யும் என்பதே அதன் பொருள்.

அக்காலத்து இத்தகைய சோதனைகள் அனைத்தின் மீதும் ஓர் ஐயம் விழுந்தது. கிடைத்ததோ மிகச் சிறிதளவு. அதிலிருந்த கார்பன் வாயுவிலிருந்து வந்ததா, சேர்த்த பச்சையமும் சாயமும் சிதைந்ததால் வந்ததா? பிரித்தறிய அன்று வழியில்லை. இன்று கார்பன்-13 கொண்ட வாயுவைச் செலுத்தி, விளைபொருளில் அது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தரின் முடிவுகளை அப்படியே ஏற்க நானும் தயங்குவேன். அவர் எழுப்பிய கேள்வியைத் தள்ளமாட்டேன். 1979-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமா, ஹோண்டா குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்தித் துகள்களை நீரில் கலந்து ஒளியூட்டி, கரியமில வாயுவிலிருந்து ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் பெற்றபோது அதே கேள்விதான் திரும்பி வந்தது. ஒளி பட்டதும் துகளில் எலெக்ட்ரான் விடுபட்டு வாயு மூலக்கூற்றைச் சென்றடைகிறது. ஆனால், பெரும்பாலான எலெக்ட்ரான்கள் வழியிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. விளைச்சல் இன்றும் சொற்பமாக இருப்பதற்கு முதற்காரணம் அதுவே. புகைபோக்கியின் அருகே கொண்டுபோய் நிறுத்தும் பக்குவம் அதற்கு இன்னும் வரவில்லை.

தர் பிற்பாடு மண்ணுக்குத் திரும்பினார். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை இட்டு உவர் நிலத்தை மீட்க முயன்றார்; மண்ணில் நைட்ரஜன் சேர்வதிலும் வெயிலுக்குப் பங்குண்டு என்று வாதிட்டார். சிக்கனமாக வாழ்ந்து, சேர்த்த பணத்தை ஆய்வுக்கே கொடுத்தார். அவர் நிறுவிய மண்ணியல் நிறுவனம் அவருடைய மனைவி ஷீலாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 1986-இல் மறைந்தபோது நெய்வேலியில் இரண்டாம் அனல் மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது.