ருக்மணிதேவி அருண்டேல் (1904 – 1986)

மாணவர்களே, ருக்மணிதேவி அருண்டேல் பற்றிக் குறிப்பெழுதுமாறு கேட்டால் உங்களில் பலர் கலாஷேத்திரா, 1936, பரதநாட்டிய மறுமலர்ச்சி ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவீர்கள். நடனம் (பரதம்) பாடத்துக்கு அது ஓரளவு போதும். ஆனால் தமிழ் வினாத்தாளில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறாக இவரை எழுத முற்பட்டால், பாதி வாழ்க்கையை விட்டுவிட்டவர்கள் ஆவீர்கள். விலங்குகளை அடைத்து வைப்பதற்கும், கொண்டு செல்வதற்கும், வேலை வாங்குவதற்கும் அரசாங்கம் விதி வகுக்க வேண்டும் என்று இந்தியப் பாராளுமன்றத்தில் சட்டமூலம் கொண்டு வந்தவர் அவர். அந்தப் பாதியையே இங்கு விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ராகலையில் வாழும் உங்களுக்கு இது தொலைவான விடயமன்று. தேயிலை மலையின் ஓரத்திலோ லயத்துக்குப் பின்னாலோ உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி ஓர் இரவில் என்ன செய்யும் என்பது தெரியும். அதைத் தடுக்கச் சிலர் பழைய வாகனங்களின் பிரேக் கம்பியை எடுத்துச் சுருக்கு வைக்கிறார்கள். வருவது பன்றியா, வேறு பிராணியா என்று சுருக்கு பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கியது. மீட்டெடுத்து உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது இறந்துவிட்டது. சுருக்கு வைத்தவர் கொடியவர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் பயிரைப் பறிகொடுத்தவரின் கணக்கும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, அதற்கு அளவு சொல்வது யார்? இவ்வினாவை நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் சட்டத்தின் முன் கொண்டு போய் நிறுத்தியதே ருக்மணிதேவியின் தனித்தன்மை.

அவர் 1904 பெப்ரவரி 29 ஆம் திகதி மதுரையில் பிறந்தார். (நெட்டாண்டில் மட்டும் வரும் திகதி. மறக்க மாட்டீர்கள்.) தந்தையார் நீலகண்ட சாஸ்திரி அரசாங்கப் பொறியியலாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், ஓய்வு பெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்கு அருகில் குடியேறினார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அறிமுகமும், ஜோர்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயக் கல்விமானின் அறிமுகமும் ருக்மணிக்குக் கிடைத்தன. 1920 இல், 16 வயதில், தம்மைவிட ஏறத்தாழ 25 வயது மூத்தவரான அருண்டேலை அவர் மணந்தார். பிராமணப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரரை மணப்பதைச் சென்னைச் சமூகம் பொறுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பைக் கண்டு பின்வாங்காத குணம் அப்போதே தெரிந்துவிட்டது.

நடனப் பகுதியை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பதால் சுருக்கமாகச் சொல்வோம். 1928 அளவில் ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. தாய்நாட்டுக் கலையைத் தேடுமாறு அவர் தூண்டினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் பயின்ற ருக்மணிதேவி 1935 இல் பிரம்மஞான சபை விழாவில் அரங்கேறினார். 1936 இல் கலாஷேத்திராவை நிறுவினார். நம் நாட்டிலிருந்தும் பலர் அங்கு சென்று பயின்றனர். பரம்பரையாக இக்கலையைக் காத்து வந்த குடும்பங்களிடமிருந்து அதை எடுத்துச் சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார் என்ற விமர்சனமும் அவர்மீது உண்டு. பாலசரஸ்வதி அதை வெளிப்படையாகவே கூறினார். விடையில் இதையும் ஒரு வரி சேர்த்தால் பரீட்சகர் உங்களைச் சிந்தித்து எழுதுபவர் என்று மதிப்பார்.

இனி நமது விடயத்துக்கு வருவோம். 1952 இல் ருக்மணிதேவி இந்தியப் பாராளுமன்றத்தின் மேற்சபையான மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956 இல் மறுபடியும் நியமனம் பெற்று 1962 வரை உறுப்பினராக இருந்தார். கலைஞர் என்பதால் நியமனம் பெற்றவர் கலையைப் பற்றியே பேசுவார் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ விலங்குகளின் பக்கம் திரும்பினார்.

அப்போது இந்தியாவில் இருந்தது 1890 ஆம் ஆண்டின் பழைய பிராணிவதைத் தடுப்புச் சட்டம். பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், பிறர் காணத் தெருவில் மாட்டை அடிப்பது போன்ற குற்றங்களையே பெரிதும் கருத்திற்கொண்டது. ஆய்வுகூடம், சர்க்கஸ், ஏற்றுமதிக் கூடு போன்ற புதிய இடங்களை அது அறியாது. 1953 இல் ருக்மணிதேவி ஒரு தனி உறுப்பினர் சட்டமூலத்தைச் சபையில் முன்வைத்தார். அமைச்சரல்லாத சாதாரண உறுப்பினர் தாமாகக் கொண்டு வரும் சட்டமூலத்துக்கே அப்பெயர். இத்தகைய சட்டமூலங்களில் நிறைவேறுபவை மிகச் சில. அது விவாதத்துக்கு வந்தபோது பிரதமர் ஜவஹர்லால் நேரு அதன் நோக்கத்தை ஆதரித்தார். ஆனால் சட்டமூலத்தை மீளப் பெறுமாறும், அரசாங்கமே ஒரு குழுவை அமைத்து விடயத்தை ஆராய்ந்து சட்டம் கொண்டு வரும் என்றும் கூறினார்.

இங்கே சற்று நில்லுங்கள். நீங்கள் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மீளப் பெற்றால் பிரதமரின் வாக்குறுதி ஒன்றே கையில் மிஞ்சும். மறுத்தால் வாக்கெடுப்பில் தோற்று, பேச்சு அதோடு முடிந்துவிடக்கூடும். ருக்மணிதேவி மீளப் பெற்றார். அதன் பின் சட்டம் நிறைவேற 1960 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்! 1953 அவர் சட்டமூலம் கொண்டு வந்த ஆண்டு, 1960 அரசாங்கத்தின் சட்டம் நிறைவேறிய ஆண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1960 ஆம் ஆண்டின் சட்டம் என்ன சொன்னது? அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது, நோயுற்ற விலங்கை வேலை வாங்குவது ஆகியவற்றோடு, உயரமும் நீளமும் அகலமும் போதாத கூட்டில் அடைப்பதையும், நியாயமற்ற நேரம் சங்கிலியில் கட்டி வைப்பதையும், விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பந்தயம் கட்டுவதையும் குற்றமாக்கியது. பிடிபட்ட விலங்கு என்பதற்கு அது கொடுத்த வரைவிலக்கணம் கவனிக்கத்தக்கது. கூட்டில் வளரும் விலங்கை மட்டுமல்லாமல், தப்பிச் செல்ல முடியாதபடி ஏதேனும் ஒரு கருவியால் தடுத்து வைக்கப்பட்ட காட்டு விலங்கையும் அவ்வரைவிலக்கணம் உள்ளடக்கியது. காட்டு விலங்குகளைச் சுருக்கிட்டும் பொறி வைத்தும் பிடிப்பதை வேட்டை என்றே கொண்டு கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் 1972 இல்தான் வந்தது.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. சமயத் தேவைக்காக விலங்கைக் கொல்வதை அது குற்றமாகக் கொள்ளவில்லை. ஆய்வுகூடப் பரிசோதனைகளை அனுமதித்தது. ருக்மணிதேவி எதிர்த்து வந்தவையே இவை. தண்டமோ மிக அற்பம். முதற் குற்றத்துக்கு அதிகபட்சம் 50 ரூபா.

ஆயினும் அச்சட்டம் ஒரு நிலையான அமைப்பைத் தோற்றுவித்தது. 1962 இல் இந்திய விலங்குகள் நலச் சபை அமைக்கப்பட்டு, அதன் முதல் தலைவராக ருக்மணிதேவி நியமிக்கப்பட்டார். தலைமையகம் சென்னையில் அமைந்தது. பின்னர் 2018 இல் அது அரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. சட்டம் பொதுப்படக் கூறியதை நாள்தோறும் நடைமுறைப்படுத்தக்கூடிய விதிகளாக மாற்ற அரசாங்கத்துக்கு ஆலோசனை வழங்குவது இச்சபையின் வேலை. ஒரு மின்சார உபகரணமோ குழந்தையின் விளையாட்டுப் பொருளோ பாதுகாப்பானதா என்பதை எப்படி அளந்து முடிவு செய்கிறார்களோ, அப்படியே விலங்கு படும் துன்பத்துக்கும் அளவுகோல் வகுக்கத் தொடங்கினார்கள். 1965 ஆம் ஆண்டின் விதிகளைப் பாருங்கள். கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கோவேறு கழுதைக்கு 200 கிலோ. வண்டி மாட்டை ஒரு நாளில் 9 மணித்தியாலத்துக்கு மேலோ, ஓய்வின்றி 5 மணித்தியாலத்துக்கு மேலோ ஓட்டக் கூடாது. வெப்பநிலை 37 பாகை செல்சியஸைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. கருணை காட்டுங்கள் என்று வண்டிக்காரரிடம் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். 50 கிலோ என்று எழுதிவிட்டால் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

அவர் எதிர்கொண்ட மிகக் கடினமான வழக்கு குரங்குகளுடையது. 1950களில் வட இந்தியாவின் செம்முகக் குரங்குகள் பிடிக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. ஓராண்டில் இலட்சத்துக்கும் மேற்பட்டவை சென்ற காலமும் உண்டு. 1955 இல் இலண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி இறந்த செய்தி உலகை உலுக்கியது. இந்திய அரசாங்கம் ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்தி, பின்னர் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஏன் அனுமதித்தது? போலியோ தடுப்பு மருந்து அப்போதுதான் வந்திருந்தது. அதைத் தயாரிக்கவும், குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் பாதுகாப்பானதா என்று சோதிக்கவும் அக்குரங்குகள் தேவைப்பட்டன. ஒரு பக்கம் காலூனமாகக் கூடிய குழந்தை, மறு பக்கம் கூட்டில் திணிக்கப்பட்ட குரங்கு. ஏற்றுமதிக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களுள் ருக்மணிதேவியும் ஒருவர். அவருடைய நிலைப்பாட்டை எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை. தடுப்பு மருந்தால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் எதிர்த்தரப்பின் நியாயமும் பெரிதே.

1978 இல் இரண்டு முடிவுகள் வந்தன. கதிர்வீச்சு ஆயுதச் சோதனைகளுக்கு இக்குரங்குகள் பயன்படுத்தப்பட்டது தெரிய வந்ததையடுத்து, மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. அதே ஆண்டில் வெளியான விலங்குகளைக் கொண்டு செல்லும் விதிகளில், பொறி வைத்துப் பிடித்த இடத்திலிருந்து புகையிரத நிலையம் வரை குரங்கை எப்படிக் கொண்டு செல்ல வேண்டும் என்பது படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. கூட்டில் ஆணியோ கூரிய விளிம்போ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், ஓரிடத்தில் பிடித்தவற்றை வேறிடத்தில் பிடித்தவற்றோடு கலக்கக் கூடாது, பால்குடி மறக்காத குட்டியைச் சிறப்பு அனுமதியின்றிக் கொண்டு செல்லக் கூடாது என்று அவ்விதிகள் செல்கின்றன.

இதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1977 இல், இந்தியாவின் சனாதிபதி பதவிக்குத் தம்மை முன்மொழிய மொரார்ஜி தேசாய் விரும்பியபோது ருக்மணிதேவி மறுத்துவிட்டார். கலாஷேத்திராவும் நலச் சபையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன போலும்.

நம் நாட்டின் நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கமுடையது. இந்தியாவின் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல அதுவும் பிரித்தானியர் காலத்தது. அதில் விதிக்கப்பட்ட தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. சிறுத்தையைப் பாதுகாப்பது 1937 ஆம் ஆண்டில் வந்த வேறொரு கட்டளைச் சட்டம். 2006 இல் இலங்கைச் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. 1907 ஐயும் 2006 ஐயும் கழித்துப் பார்த்தால் 99 வருகிறது. ருக்மணிதேவி ஏழு ஆண்டுகள் காத்திருந்ததைப் படித்தபோது நீண்ட காலம் என்று நினைத்தீர்கள் அல்லவா?

1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், நலச் சபையின் தலைவராக இருந்தபடியே 1986 பெப்ரவரி 24 ஆம் திகதி சென்னையில் காலமானார். கலாஷேத்திராவை 1993 இல் இந்தியப் பாராளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற் குற்றத்துக்கான தண்டம் அவர் மறைந்தபோதும் அதே 50 ரூபாவைத் தாண்டவில்லை.