கட்சியில்லாத கவுன்சிலர்

எலினார் ராத்போன் என்ற பெயரை நம் கல்லூரியில் படித்தவர்களில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இங்கிலாந்தில், குறிப்பாக லிவர்பூல் பக்கம், ரொம்பப் பிரசித்தமான பெயர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடமே அவர் பெயரில் இருக்கிறது. பழைய மாணவர் மலரில் அவரைப் பற்றி எழுத இரண்டு காரணங்கள் உண்டு. எந்தக் கட்சியிலும் சேராமல் கால் நூற்றாண்டுக் காலம் ஒரே வார்டின் கவுன்சிலராக இருந்தவர் அவர். பிறகு அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் பட்டதாரிகள், அதாவது நம்மைப் போன்ற பழைய மாணவர்கள்.

தனி ஆளாய் நின்று என்னத்தைச் சாதிக்க முடியும் என்று டீக்கடையிலும் ஹாஸ்டலிலும் நாமெல்லாம் பேசியதுதான். அந்தக் கேள்விக்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையில் பதில் கிடைக்கிறது.

எலினார் 1872 மே 12 அன்று லண்டனில் பிறந்தார். ராத்போன்கள் லிவர்பூலின் பெரிய வணிகக் குடும்பம். அப்பா வில்லியம் ராத்போன் நாடாளுமன்ற உறுப்பினர். ஏழைகளின் வீட்டுக்கே நர்ஸ் போய்ப் பணி செய்யும் ஏற்பாட்டை லிவர்பூலில் தொடங்கி வைத்தவர் அவர்தான். எலினார் 1893 முதல் 1896 வரை ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் படித்தார். படிக்கலாம், பரீட்சை எழுதலாம், ஆனால் பெண்களுக்குப் பட்டம் கிடையாது என்பது அன்றைய ஆக்ஸ்போர்டு விதி. அது மாற 1920 வரை ஆயிற்று.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர், ஏழைகளின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். தர்மம் கொடுத்துவிட்டு வருவதோடு நிற்கவில்லை. நம் தொழிலில் சைட்டைப் பார்க்காமல் எஸ்டிமேட் போடக்கூடாது என்பார்கள். அவரும் அந்த ரகம்தான். லிவர்பூல் துறைமுகத்தில் அன்று பெரும்பாலும் தினக்கூலிகள்தான். வேலை கேட்டு ஆட்கள் கூட்டமாய் நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவனுக்கு அரை நாள் வேலை, மற்றவனுக்கு ஒன்றுமில்லை. இந்த நிலையை ஆராய்ந்து அவர் ஓர் அறிக்கை எழுதினார். பிறகு கூலிக்காரர் குடும்பங்களின் வாரச் செலவுக் கணக்கையே சேகரித்தார்கள். ரொட்டிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, அடகுக் கடைக்கு எவ்வளவு என்று பென்னி பென்னியாக எழுதிய கணக்கு அது. 1909-இல் அது வெளிவந்தது.

அதே 1909-இல் கிரான்பி வார்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். லிவர்பூல் மாநகராட்சியின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். பெண்கள் அப்படிப்பட்ட மன்றங்களில் உட்காரலாம் என்ற சட்டமே 1907-இல்தான் வந்திருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1918 வரை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஆக, தன் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க முடியாத ஒருவர் ஒன்பது வருஷம் கவுன்சிலராக இருந்திருக்கிறார்!

லிவர்பூல் மன்றத்தில் அன்று கன்சர்வேடிவ் கட்சியின் கை ஓங்கியிருந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற மதச் சண்டை அரசியலிலும் புகுந்திருந்த ஊர். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொள்வதுதான் சௌகரியம். சுயேச்சைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். அவர் கையில் இருந்ததெல்லாம் கணக்கும் விடாப்பிடியும்தான்.

1913-இல் விதவைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. கணவன் இறந்ததும் பிள்ளைகளோடு நிவாரண அதிகாரிகளிடம் போய்க் கை நீட்டி நிற்கும் பெண்களின் நிலையை எழுதினார். அடுத்த வருஷம் முதல் உலகப் போர். சிப்பாய்களின் மனைவிகளுக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசாங்கம் பணம் கொடுத்தது. லிவர்பூலில் அந்தக் குடும்பங்களைக் கவனிக்கும் வேலையை எலினார் எடுத்து நடத்தினார். வருமானம் நிச்சயமில்லாத வீடுகளில் முதல் தடவையாகத் தாய் கையில் வாரா வாரம் பணம் வந்தது. அதனால் பிள்ளைகளின் சாப்பாடும் துணிமணியும் எப்படி மாறின என்பதை அவர் கண்ணால் பார்த்தார்.

அங்கே பிறந்த யோசனைதான் குடும்ப உதவித்தொகை. 1924-இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். வாதம் எளிமையானது. ஐந்து பேர் குடும்பத்துக்குப் போதுமான கூலி என்று ஒரே அளவு வைத்தால், கல்யாணமாகாதவனுக்கு அது மிஞ்சும்; ஆறு பிள்ளை பெற்றவனுக்குப் பற்றாது. ஒரே சைஸ் செருப்பு எல்லார் காலுக்கும் பொருந்துமா? பிள்ளை வளர்க்கும் செலவைக் கூலியிலிருந்து பிரித்து, சமுதாயமே தாயிடம் தரட்டும் என்றார். தொழிற்சங்கங்களில் பலர், கூலி குறைந்துவிடும் என்று பயந்து எதிர்த்தார்கள். புத்தகத்தைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜ். 1942-இல் வெளிவந்த புகழ்பெற்ற பெவரிட்ஜ் அறிக்கையில் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் இடம்பெற்றது.

1922-இல் லிவர்பூலில் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1929-இல் வேறு வழி கிடைத்தது. அன்று பிரிட்டனில் பல்கலைக்கழகத் தொகுதிகள் இருந்தன. பட்டதாரிகள் தபாலிலேயே ஓட்டுப் போடலாம். தெருத்தெருவாய்ப் பிரசாரம் செய்ய ஆள்பலமும் பணபலமும் இல்லாதவருக்கு இது தோதான தொகுதி. லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்த தொகுதியில் ஜெயித்து, சாகும் வரை அதே தொகுதியின் சுயேச்சை உறுப்பினராக இருந்தார். எம்.பி. ஆன பிறகும் சில வருஷங்கள் வார்டை விடவில்லை. இந்த வகைத் தொகுதிகளை பிரிட்டன் 1948-இல் சட்டம் போட்டு ஒழித்தது. நம் தமிழ்நாட்டு மேலவையிலும் பட்டதாரித் தொகுதிகள் இருந்ததும், 1986-இல் மேலவையோடு அவை போனதும் நம் சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அவர் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். அது நம் நாட்டைத் தொட்டது. இந்தியாவின் குழந்தைத் திருமணக் கொடுமையைப் பற்றி 1929-இல் லண்டனில் ஒரு மாநாடு கூட்டினார். எங்கள் பிரச்சினையை எங்களை விட்டுவிட்டு நீங்கள் பேச என்ன உரிமை என்று அங்கேயே எழுந்து எதிர்த்தார் தன்வந்தி ராமராவ். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், ராணி மேரிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். லிவர்பூலில் வீடு வீடாய்ப் போய்க் கேட்ட பிறகே பேசியவர், இந்தியாவைப் பற்றிப் பெரும்பாலும் புத்தகத்தைப் பார்த்துப் பேசிவிட்டார். 1932-இல்தான் நேரில் வந்தார். பெண் தலைவர்களைச் சந்தித்தார். அதன் பிறகும் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை விரிவாக வேண்டும் என்று மட்டும் தொடர்ந்து வாதாடினார்.

ஹிட்லரின் ஆபத்தை ஆரம்பத்திலேயே எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். அகதிகளுக்கு விசா வாங்கித் தர ஓயாமல் அலைந்தார். அவர் வருவதைப் பார்த்தாலே, இன்றைக்கு என்ன கேட்கப் போகிறாரோ என்று அதிகாரிகள் நழுவுவார்களாம்!

1945-இல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தது. முப்பது வருஷக் கனவு. ஆனால் மசோதாவில் பணம் தகப்பனுக்கு என்றிருந்தது. அப்படியானால் என் சொந்தத் திட்டத்துக்கே எதிராக ஓட்டுப் போடுவேன் என்று நின்றார் எலினார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கட்சிக் கட்டளை இல்லாமல் உறுப்பினர்கள் இஷ்டப்படி ஓட்டளிக்க அரசு விட்டது. தாய் பக்கம் பெரும்பான்மை சேர்ந்தது. இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொருவருக்கும் வாரம் 5 ஷில்லிங். பெவரிட்ஜ் சொன்னது 8 ஷில்லிங். இருந்தாலும் பணம் தாய் கைக்குப் போயிற்று.

1946 ஜனவரி 2 அன்று எலினார் காலமானார். முதல் தொகை தாய்மார்களுக்குக் கிடைத்தது அந்த ஆகஸ்டில்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். நம் கிராம ஊராட்சிகளில் வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமலேதான் நடக்கின்றன. நிற்க ஆசை இருந்தால், முதலில் உங்கள் வார்டில் எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய மாணவர்களான நாங்கள் செய்யக்கூடியதும் உண்டு. அப்படி ஒருவர் நோட்டோடு வந்து நின்றால், எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன் அந்தக் கணக்கை வாங்கிப் படித்துப் பார்ப்போம்.