காயத்துக்குக் கணக்கு எழுதிய டாக்டர்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம்தான் வந்தது. காவேரிப்பாக்கத்தில் பஸ் ஏறினால் வேலூர் என்ன பெரிய தூரமா? ஆனாலும் படித்த காலத்தில் அவர் பெயரே எனக்குத் தெரியாது. வேலைக்குப் போய், ஷூ அடிப்பாகத்தின் மீது விழும் அழுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் 1914இல் நம்ம கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிக்கும் முன்பே தச்சும் கட்டட வேலையும் கற்றவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில், விரல் மடங்கிப்போன ஒருவரோடு கைகுலுக்கினார். பிடி இரும்பாக இறுகியது. அப்படியானால் எல்லாத் தசையும் செத்துவிடவில்லை!

அங்கேயே ஒவ்வொருவர் கையாகச் சோதித்து, எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி வைத்தார். எல்லாரிடமும் ஒரே ஒழுங்கு தெரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்ததன் வேலையைச் செய்ய வைக்கலாம் என்று கண்டு, 1948இல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

தடைகளுக்குக் குறைவில்லை. தொழுநோயாளிக்குப் படுக்கை தர ஆஸ்பத்திரிகள் பயந்தன. சதை தானாக அழுகுது, வைத்தியம் வீண் என்பதே அன்றைய நம்பிக்கை. கை சரியானவருக்கும் வெளியே யாரும் வேலை தரலை. அதனால் மண்சுவர்க் குடிசைகளோடு நவஜீவ நிலையம் உருவானது. அங்கே தச்சுப் பட்டறையும் உண்டு.

புதுசாக ஒரு காயம் வந்தால், அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்தே ஆகணும். சூடான பாத்திரம், சொரசொரப்பான கருவிப்பிடி என்று ஒவ்வொரு காரணமாக வெளிப்பட்டது. ஆனால் ராத்திரியில் விரல் குறைவது மட்டும் புரியலை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி! வலி தெரியாததால் தூங்கினவர் எழுந்திருக்கலை. பிறகு வீடு திரும்பினவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். நோய் சதையைத் தின்னவில்லை, உணர்வில்லாததுதான் கேடு என்பது இப்படித்தான் உறுதியானது. பாதப் புண்ணைத் தடுக்க மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு வந்ததும் இந்த வழியில்தான்.

1966இல் அவர் அமெரிக்கா போய் அங்கே ஆய்வைத் தொடர்ந்தார். 2003இல் மறைந்தார்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பழுதைச் சொன்னவனுக்குத்தான் திட்டு விழும். அதனால் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அதே பழுது மறுபடி மறுபடி வரும். இன்று நம் ஊர்ப் பக்கத்து முதியோர் இல்லங்களிலும் தாத்தா பாட்டிகள் வழுக்கி விழுறாங்க, படுக்கைப் புண் வருது. வயசாச்சுன்னு விட்டுடுறோம். எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் என்று ஒரு நோட்டில் எழுதினாலே பாதி காரணம் பிடிபடும். பிராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகளே, அந்த நோட்டை நீங்க ஆரம்பியுங்க. கூட வர நான் தயார்.