தெருவுக்கு யார் காசு கொடுப்பது? 40 ஆண்டுகள் மாநகராட்சியில் மல்லுக்கட்டிய பிட்டி தியாகராயரின் கதை

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் பேரூராட்சிகள் இரண்டே இரண்டு. ஒன்று உடையார்பாளையம். இன்னொன்று, அலங்கார அன்னை ஆலயத்தால் பலருக்கும் தெரிந்த வரதராஜன்பேட்டை. இப்படிப்பட்ட சின்ன ஊராகட்டும், சென்னை மாதிரி பெருநகரமாகட்டும், மன்றக் கூட்டம் கூடினால் வரும் சண்டை ஒன்றுதான். தெருவுக்கு சிமென்ட் ரோடு போடணும், வாய்க்கால் கட்டணும், லைட் போடணும். சரி, அதுக்கு யார் காசு கொடுப்பது?

வரியை ஏத்தினால் மக்கள் கோபப்படுவாங்க. ஏத்தாவிட்டால் ரோடு வராது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வீடுகளுக்கான சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது ஊர் ஊராக இந்த வாக்குவாதம்தான் நடந்தது.

இது புதுசா வந்த சண்டை இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை நடுவில் நின்று பார்த்த ஒரு மனிதர் இருந்தார். முதல்வருக்கு நிகரான பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். சென்னை தி.நகரின் பெயரில் உள்ள அந்த 'தி', அவர்தான். சர் பிட்டி தியாகராயர்.

யார் இந்த தியாகராயர்?

1852 ஏப்ரல் 27-ல், நெசவைத் தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் அரசு வேலைக்கோ வக்கீல் தொழிலுக்கோ போவார்கள். தியாகராயர் குடும்பத் தொழிலையே கையில் எடுத்தார். வண்ணாரப்பேட்டையில் நெசவுக்கூடம் நடத்தினார். தென்னிந்திய வர்த்தக சபையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதன் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார்.

கணக்குப் புத்தகம் பார்த்து வளர்ந்தவர். ஒரு ரூபாய் எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று கேட்பது வியாபாரியின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் மாநகராட்சிக்குள் நுழைந்தார்.

1882-ல் என்ன நடந்தது?

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கப்பட்டது. ஆனால் அடுத்த சுமார் 200 ஆண்டுகளுக்கு ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பும் வழக்கம் இல்லை. 1878-ல்தான் மன்ற உறுப்பினர்கள் 32 பேரில் பாதிப் பேரைத் தேர்தல் மூலம் அனுப்ப வழி பிறந்தது. 1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன், உள்ளாட்சிகளில் மக்கள் பிரதிநிதிகளுக்கு அதிக இடம் தரவேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

அதே 1882-ல்தான் தியாகராயர் மாநகராட்சி உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 30. அதற்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள் அந்த மன்றத்தைவிட்டு அவர் நகரவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அன்று ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரி கட்டுபவருக்குத்தான் ஓட்டு. வாடகைக் குடிசையில் இருந்த கூலித் தொழிலாளிக்கு மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. ஆனால் குப்பை அள்ளாத தெருவும், தண்ணீர் வராத குழாயும் முதலில் பாதித்தது அவரைத்தான்.

அதாவது, யார் காசு என்ற கேள்விக்குப் பின்னால், யார் பேச்சு எடுபடும் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெயருக்கு மன்றம், பிடி அதிகாரி கையில்

இன்னொரு சிக்கலும் இருந்தது. தியாகராயர் உறுப்பினராக இருந்த பெரும்பகுதிக் காலத்தில் மாநகராட்சியின் தலைவர், அரசு நியமிக்கும் அதிகாரி. உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம். ஆனால் நிர்வாகத்தின் பிடி அதிகாரியிடம். 1904-ல் வந்த சட்டத்தில் மொத்த உறுப்பினர்கள் 36 ஆனார்கள். அதில் தேர்தலில் வருபவர்கள் 20 பேர் மட்டும்தான்.

இப்படிப்பட்ட மன்றத்தில் ஒரு உறுப்பினரின் ஒரே ஆயுதம் பட்ஜெட் விவாதம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு, ஏன் இவ்வளவு என்று விடாமல் கேட்பது. சலிக்காமல் ஆண்டுக்கு ஆண்டு அங்கே போய் உட்கார்ந்ததுதான் தியாகராயரின் பலம்.

நாயரோடு மோதல் ஏன் வந்தது?

மன்றத்துக்குள் நடந்த சண்டைகளில் ரொம்பப் பேசப்பட்டது, டாக்டர் டி.எம். நாயரோடு அவருக்கு வந்த மோதல். நாயர் பெயர்பெற்ற மருத்துவர். 1904 முதல் மாநகராட்சி உறுப்பினர்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்கான தண்ணீர், அதற்கான வரி என்ற விவகாரம் மன்றத்துக்கு வந்தது. நாயரும் தியாகராயரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். பேச்சு முற்றி, கடைசியில் நாயர் உறுப்பினர் பதவியையே விட்டு விலகினார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குளத்துத் தண்ணீர்ச் சண்டை. உள்ளே போய்ப் பார்த்தால் இன்றைக்கும் எல்லா ஊரிலும் நடக்கும் சண்டை. பொதுப் பணத்தில் கிடைக்கும் ஒரு வசதிக்கு எல்லோரும் வரி கட்டியே ஆகணுமா, ஊரே மதிக்கும் இடத்துக்கு விலக்கு தரலாமா? இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசலாம். அதனால்தான் அந்தச் சண்டை சீக்கிரம் தீரவில்லை.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. இருவரையும் பொது நோக்கத்துக்காக ஒன்றாகக் கொண்டுவந்தவர் டாக்டர் சி. நடேசனார். 1916 நவம்பரில் இந்த மூவரும் முன்னின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை உருவாக்கினார்கள். அதன் பத்திரிகை 'ஜஸ்டிஸ்'. அதனால் கட்சிக்கே நீதிக்கட்சி என்ற பெயர் நிலைத்தது. மன்றத்தில் முட்டிக்கொண்டவர்கள் ஒரே மேடையில் நின்ற அந்தக் காட்சி, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது.

தலைவர் நாற்காலியில் முதல் ஊர்க்காரர்

1919-ல் சென்னை மாநகராட்சிக்குப் புதிய சட்டம் வந்தது. மன்றத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. நிர்வாகத்தைக் கவனிக்க அரசு தனியாக ஒரு ஆணையரை நியமிக்கும். இந்த மாற்றத்தோடு, அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவராக தியாகராயர் அமர்ந்தார். மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் திரும்ப வந்தது. அதற்கு முந்தைய மன்றத் தலைவர் பதவி கிட்டத்தட்ட அதே கௌரவம் கொண்டது.

அந்த நேரத்தில்தான் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. சென்னை மாகாண ஆளுநர் வெலிங்டன், ஆட்சி அமைக்க தியாகராயரை அழைத்தார். மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி அது. தியாகராயர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். சுப்பராயலு உடல்நலக் குறைவால் விலகிய பிறகு 1921-ல் பனகல் அரசர் அந்தப் பதவிக்கு வந்தார்.

மாகாணத்தையே ஆளும் நாற்காலியைத் தாண்டிப் போனவர், தெரு, சாக்கடை, பள்ளிக்கூடம் பேசும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளாட்சிப் பதவியை அடுத்த பதவிக்கான ஏணியாக மட்டுமே பார்க்கும் இந்தக் காலத்துக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம்.

ஒரு அணா தீர்மானம்

1920 செப்டம்பர் 16. மாநகராட்சி மன்றத்தின் முன் ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மதிய உணவு தருவது. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். செலவு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அந்தக் கணக்கில் பார்த்தால் இது சின்னத் தொகைதான்.

அந்த உச்சவரம்பில் ஒரு வியாபாரியின் கறார் தெரிகிறது. ஆனால் செலவு போய்ச் சேர்ந்த இடம் எது என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலருக்கு மாநகராட்சித் தேர்தலில் ஓட்டே கிடையாது. வரி கட்டியவர் பணம், வரி கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் தட்டுக்குப் போனது.

திட்டம் பிறகு வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய அரசு அனுமதிக்கவில்லை. 1925 ஏப்ரல் 1-ல் திட்டம் நின்றுபோனது. அதே ஏப்ரல் மாதக் கடைசியில் தியாகராயரும் காலமானார். அப்போது வயது 73.

பின்னாளில் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மதிய உணவுக்கும், எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கும், இன்றைய காலை உணவுத் திட்டத்துக்கும் பேச்சு வரும்போதெல்லாம் இந்த ஒரு அணா தீர்மானம் முன்னோடியாக நினைக்கப்படுகிறது.

ஏரி எப்படி தி.நகர் ஆனது?

நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்ட இடம் இல்லை. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மாம்பலம் பக்கம் கண் போனது. அங்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்ட ஏரி ஒன்று இருந்தது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்து, அளந்து, தெருக்கள் பிரித்து, நடுவில் பூங்கா வைத்து ஒரு புதிய குடியிருப்பு உருவானது. 1920-களில் பிறந்த அந்தப் பகுதிக்கு தியாகராயர் பெயரே சூட்டப்பட்டது. தியாகராய நகர், சுருக்கமாக தி.நகர்.

நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். அதே பகுதியில் டாக்டர் நாயர் சாலை உண்டு, நடேசன் பூங்கா உண்டு. குளத்துத் தண்ணீருக்காக மோதிக்கொண்ட நாயரும் தியாகராயரும் இப்போது அக்கம்பக்கத்துத் தெருக்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டுமனைக்காக ஏரியைத் தூர்த்தது அன்று வளர்ச்சி. இன்று மழைக்காலத்தில் மாம்பலம், தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் தேங்கும்போது, அந்த வளர்ச்சியின் பாக்கி பில் இப்போது வருகிறதோ என்று தோன்றும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. லேக் இல்லை, வியூவும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். தெரு போடும் செலவு டெண்டர் தொகையோடு முடிவதில்லை. சில செலவுகள் நூறு வருஷம் கழித்தும் வந்து நிற்கும்.

அவர் பெயர் கொண்ட தெருவிலேயே அதே விவாதம்

பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் சாலையின் அதிகாரப்பூர்வப் பெயர் தியாகராய சாலை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் அமைக்கப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நடந்து போகிறவர்களுக்கு நிம்மதி. கடைக்காரர்களில் பலருக்கு வண்டி நிறுத்த இடம் போச்சே என்ற கவலை. இவ்வளவு செலவு ஒரே தெருவுக்கா என்று மற்ற பகுதிக்காரர்களின் கேள்வி. தியாகராயர் இருந்திருந்தால் அவருக்கு இந்த மூன்று தரப்பும் நன்றாகப் பழகிய தரப்புகளாகவே இருந்திருக்கும்.

வரதராஜன்பேட்டைக்கு இதில் என்ன?

சென்னையின் பட்ஜெட் வேறு, ஒரு பேரூராட்சியின் பட்ஜெட் வேறு. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில அரசும் ஒன்றிய நிதிக் குழுவும் தரும் மானியம், இவ்வளவுதான் ஒரு பேரூராட்சியின் கையிருப்பு. ஊர்க்காரர்கள் தங்கள் பங்குத் தொகையைக் கட்டினால் அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' மாதிரித் திட்டமும் இருக்கிறது. எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு அப்புறம் என்று முடிவெடுக்கும் இடம் மன்றக் கூட்டம்தான்.

தியாகராயர் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று வரி கட்டியவருக்கு மட்டும் ஓட்டு. இன்று 18 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு. 2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை என்று மக்கள் நேரில் பேசவும் வழி வந்திருக்கிறது. வரி ரசீது வைத்திருப்பவரும் கேட்கலாம், வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம்.

சென்னை ரிப்பன் மாளிகை வளாகத்தில் தியாகராயரின் சிலை நிற்கிறது. உள்ளே இன்றும் மன்றக் கூட்டம் நடக்கிறது. ரோடு, சாக்கடை, தெருவிளக்கு என்று அதே பட்டியல்தான். அந்தப் பட்டியலை அற்பம் என்று ஒதுக்காமல், ஒரு மனிதர் தன் வாழ்நாளில் 40 ஆண்டுகளை அதற்குக் கொடுத்தார். தன் தெருவுக்கான செலவுக் கணக்கைக் கேட்க அரை நாள் ஒதுக்கி பகுதி சபைக்குப் போவது அதோடு ஒப்பிட்டால் சின்ன வேலைதான்.